முடிவைச் சொல்லும் உரிமை யாருக்கு?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கதையின் முடிவை, அதை இன்னும் பார்க்காத அல்லது படிக்காத ஒருவரிடம் சொல்லலாமா என்ற கேள்வியைப் பலரும் அற்ப விஷயமாக ஒதுக்கிவிடுகிறார்கள். என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை. ஒரு கதையை முதன்முறையாக அறியும் அனுபவம் எவருக்கும் ஒரே ஒருமுறைதான் வாய்க்கும்; அதைப் பறித்தவர் பிறகு எவ்வளவு வருந்தினாலும் திருப்பித் தர இயலாது.

இந்த அக்கறை இணையத்தோடு பிறந்ததன்று. 1952இல் லண்டனில் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்ட்ராப்’ நாடகத்தில், கொலையாளி யாரென்று வெளியே சொல்ல வேண்டாம் எனப் பார்வையாளர்களை இறுதியில் கேட்டுக்கொள்வது மரபாகவே நிலைத்துவிட்டது. 1960இல் ‘சைக்கோ’ வெளியானபோது, படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் வலியுறுத்தினார். திரையரங்கின் கதவை அடைத்துவிடலாம். வெளியே வந்தவர்களின் வாயை அடைக்க எந்தச் சட்டமும் இல்லை, அவர்களுடைய நல்லெண்ணத்தைத்தான் நம்ப வேண்டும்.

முடிவு தெரிந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வைச் சுட்டுவதுண்டு. சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே அறிந்த வாசகர்கள் அவற்றைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்றது அது. 2015இல் ஜான்சனும் ரோசன்பாமும் நடத்திய ஆய்வோ, முன்பே அறிவது ரசனையைக் குறைக்கிறது என்றது. எது சரியாயினும், ஆய்வுகள் சொல்வது சராசரி வாசகரைப் பற்றித்தான். எதிரில் அமர்ந்திருப்பவருக்கு எது வேண்டும் என்பதை அவரிடம் கேட்டே அறிய வேண்டும்.

முடிவைச் சொல்லாமலே கெடுத்துவிடலாம் என்பதைத்தான் நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. “கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது, நான் எதுவும் சொல்லமாட்டேன்” என்று பிறர் சொல்லக் கேட்டுவிட்டவர், அதன்பின் கதையில் வாழ்வதில்லை. ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகக் கண்ணோடு பார்த்து, அந்தத் திருப்பத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறார். முன்பே பார்த்த ஒருவர், முக்கியமான காட்சி நெருங்கும்போது பக்கத்தில் இருப்பவரின் முகத்தை ஆவலோடு திரும்பிப் பார்ப்பதும் இதே தீங்கைச் செய்கிறது, அது அன்பினால் செய்யப்பட்டாலும்.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கணக்குக் கேட்பதில் பெரிய பயனில்லை. பழைய நாவலும் இன்று அதைக் கையில் எடுக்கும் இளம் வாசகருக்குப் புதியதே. அதற்காக, பார்க்காத ஒருவருக்காக ஊரே வாய்மூடி இருக்க வேண்டும் என்பதும் நியாயமாகாது. முடிவைத் தொடாமல் ஒரு படைப்பை முழுமையாக மதிப்பிட முடியாது என்பதால், விமர்சகருக்கு அதை விரித்துப் பேசும் உரிமை உண்டு. தலைப்பிலும் அதனோடு வெளியிடும் படத்திலும் எதையும் காட்டிக்கொடுக்காமல், தொடக்கத்திலேயே தெளிவாக எச்சரித்துவிட்டு அவர் எழுதட்டும். நேர்ப்பேச்சில் இது இன்னும் எளிது: எந்த எபிசோட் வரை பார்த்திருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டு, அந்த எல்லைக்குள் பேசலாம், அவரே முழுவதையும் சொல்லச் சொன்னால் தயங்காமல் சொல்லலாம்.