வீரமா, வேரா? – அணிப் பெயர் பற்றிய பட்டிமன்றத்தில் 'வேரே' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'விளையாட்டு அணியின் பட்டப்பெயருக்கு அழகு தருவது வீரமா, வேரா?' இதுதான் இன்றைய தலைப்பு. 'வீரமே' என்று எனக்கு முன் பேசிய அண்ணன் மேடை அதிரக் கர்ஜித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சிங்கம் என்றார், புலி என்றார், சிறுத்தை என்றார். பெயரைக் கேட்டதுமே எதிராளிக்குத் தொடை நடுங்க வேண்டும் என்றார். அவர் பேசி முடித்தபோது நாம் இருப்பது பட்டிமன்றத்திலா, வனவிலங்குச் சரணாலயத்திலா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

சரி, அவருடைய சிங்கத்திலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்கன் ஃபுட்பாலில் டெட்ராய்ட் லயன்ஸ் என்று ஓர் அணி உண்டு. போர்ட்ஸ்மவுத் என்ற சின்ன ஊரில் ஸ்பார்ட்டன்ஸ் என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்த அணி அது. 1934-ல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஏற்கெனவே டைகர்ஸ் என்ற பேஸ்பால் அணி இருந்தது. பக்கத்து வீட்டில் புலி இருக்கிறது, நம் வீட்டில் சிங்கம் இருக்கட்டும் என்று வைத்த பெயர்தான் லயன்ஸ். அந்தச் சிங்கம் 2008 பருவத்தில் 16 ஆட்டங்கள் ஆடியது. 16-லும் தோற்றது. என்.எஃப்.எல். என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீகில் 16 ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாத முதல் அணி என்ற பெருமை காட்டு ராஜாவுக்கே போய்ச் சேர்ந்தது.

அதே லீகில், அதே பிரிவில் இன்னோர் அணி: கிரீன் பே பேக்கர்ஸ். 'பேக்கர்' என்றால் இறைச்சியை டப்பாவில் அடைத்து அனுப்புகிறவர். 1919-ல் கர்லி லாம்போ என்ற இளைஞர், தான் வேலை பார்த்த இந்தியன் பேக்கிங் கம்பெனியிடம் சீருடை வாங்கப் பணம் கேட்டார். கம்பெனி கொடுத்தது. அதன் பெயர் அணிக்கு ஒட்டிக்கொண்டது. சீக்கிரமே கம்பெனி கைமாறிப் போனது, பெயர் மட்டும் நூறாண்டு தாண்டி நிற்கிறது. அந்த அணி 13 முறை சாம்பியன். அந்த லீகில் வேறு எந்த அணிக்கும் அத்தனை பட்டங்கள் கிடையாது.

பெயரால்தான் ஜெயித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் எழுந்து மறுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: எந்தப் பெயரும் களத்தில் ஒரு புள்ளிகூட எடுத்துத் தராது. அதனால்தான் கேட்கிறேன், தொடை நடுங்கும் என்றாரே, எங்கே, யாருக்கு நடுங்கியது?

அப்படியானால் நல்ல பெயர் எது? எங்கள் அணி ஓர் உரைகல் வைத்திருக்கிறது. பெயரைக் கழற்றி வேறோர் ஊர் அணிக்கு மாட்டிப் பாருங்கள். உறுத்தினால் அது நல்ல பெயர். கச்சிதமாகப் பொருந்தினால், அது யாருக்கும் சொந்தமில்லாத பெயர்.

இங்கிலாந்தின் கால்பந்து அணிகளைப் பாருங்கள். லூட்டன் அணிக்குப் பெயர் தொப்பிக்காரர்கள். நார்தாம்ப்டன், காலணி தைப்பவர்கள். ஸ்டோக், குயவர்கள். வால்சால், குதிரைச் சேணம் செய்பவர்கள். அந்தந்த ஊர் எதைச் செய்து சோறு தின்றதோ, அதுவே பெயர். நாரிச் அணிக்குக் கேனரி என்ற கூண்டுப் பறவையின் பெயர். அந்த ஊரில் கேனரி வளர்த்தார்கள், அவ்வளவுதான். காலணி தைப்பவர்கள் என்ற பெயரை ஸ்டோக்குக்குக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு ஊரும் சண்டைக்கு வரும்.

'ஆர்சனலை ஏன் விட்டீர்கள், கன்னர்ஸ் என்றால் பீரங்கிக்காரர்கள் ஆயிற்றே' என்று எதிரணித் தங்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அம்மா, 1886-ல் அந்த அணியைத் தொடங்கியவர்கள் உலிச் ஆயுதத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள். பீரங்கியைச் சுட்டவர்கள் அல்ல, செய்தவர்கள். அதையும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இது நமக்கொன்றும் புதிதல்ல. செம்மண்ணில் விழுந்து கலந்த மழைநீரைப் பாடிய புலவரின் இயற்பெயர் யாருக்கும் தெரியாது. செம்புலப்பெயல்நீரார் என்றே அவரை அழைத்தார்கள். அணில் விளையாடும் முற்றத்தைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். அவர்களுக்கே உரிய ஒன்றை எடுத்துப் பெயராக்கினார்கள். 'புலவர் சிங்கம்' என்று வைத்திருந்தால் எந்தச் சிங்கம் என்று இன்றைக்குத் தேடிக்கொண்டிருப்போம்.

வீரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு இன்னொன்று. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியின் பெயர் புரோட்டியாஸ். புரோட்டியா என்பது ஒரு பூ, அவர்கள் மண்ணின் பூ. பூவின் பெயரை வைத்துக்கொண்டு அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் டேல் ஸ்டெய்ன் ஓடிவந்தபோது எந்த மட்டையாளராவது சிரித்தாரா? பூவில் என்ன வீரம் என்று வேறு யார் கேட்டாலும் தமிழர் கேட்கக் கூடாது. வெட்சி, கரந்தை, வஞ்சி, தும்பை என்று போருக்கொரு பூச் சூடிப் போனவர்கள் நாம். இன்றைக்கும் கோப்பை வென்றால் 'வாகை சூடினார்கள்' என்றுதான் செய்தி வருகிறது. 'சிறுத்தை சூடினார்கள்' என்று எங்காவது படித்திருக்கிறீர்களா?

எனக்கு மிகவும் பிடித்தது எதிராளி திட்டிக் கொடுத்த பெயர்கள். 1890-ல் ஒரு பேஸ்பால் லீக் கலைந்தது. லூ பியர்பாவர் என்ற ஆட்டக்காரர் தன் பழைய ஃபிலடெல்ஃபியா அணிக்கே திரும்புவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, பிட்ஸ்பர்க் அணி அவரை ஒப்பந்தம் செய்துவிட்டது. 'இது கடற்கொள்ளை' என்று எதிர்த்தரப்பு கூச்சல் போட்டது. பிட்ஸ்பர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. சரி, நாங்கள் கொள்ளையர்கள்தான் என்று பைரேட்ஸ் ஆனார்கள், இன்றும் அதே பெயர். கேட்க வீரமான பெயர்தான், ஆனால் பிறந்தது ஒரு வசவில்.

அர்ஜென்டினாவில் இது இன்னும் முற்றிய நிலை. 1966-ல் தென் அமெரிக்கக் கால்பந்துக் கழகங்களுக்கான கோப்பை இறுதியில் அந்நாட்டின் ரிவர் பிளேட் அணி 2-0 என்று முன்னிலையில் இருந்து, கடைசியில் உருகுவேயின் பெனரோல் அணியிடம் 4-2 என்று தோற்றது. ஊர் திரும்பி ஆடிய ஆட்டத்தில் எதிரணி ரசிகர்கள் ஒரு வெள்ளைக் கோழிக்கு, ரிவரின் சட்டையில் இருப்பதுபோலச் சிவப்புப் பட்டை போட்டு மைதானத்துக்குள் விட்டார்கள். அன்றிலிருந்து ரிவர் அணிக்குக் கோழி என்று பெயர். அவர்களுடைய பரம வைரியான போக்கா ஜூனியர்ஸ் ரசிகர்களுக்கு என்ன பெயர் தெரியுமா? சாணிக்காரர்கள். இரண்டு கூட்டமும் இன்று அந்தப் பெயரைத் தாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. கோழியும் சாணியும் மோதுகிற ஆட்டத்துக்கு நாடே வேலையை விட்டுவிட்டு உட்காருகிறது. இதில் எந்தச் சிங்கத்துக்கு வேலை இருக்கிறது, அண்ணா?

பெயரை மேலிருந்து உத்தரவு போட்டு வைக்க முடியாது. ஹல் சிட்டி அணியின் சட்டையில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள். அதைப் பார்த்து ரசிகர்களே புலிகள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உரிமையாளருக்கு ஆசை வந்தது, அணியின் அதிகாரப்பூர்வப் பெயரையே ஹல் டைகர்ஸ் என்று மாற்றக் கிளம்பினார். அதே ரசிகர்கள் கொடி பிடித்து எதிர்த்தார்கள். 2014-ல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் மறுத்துவிட்டது. ஆசையாகக் கூப்பிட்ட அதே புலிதான், உத்தரவாக வந்தபோது கசந்தது. கிரிக்கெட்டில் ரைசிங் புனே சூப்பர்ஜயன்ட்ஸ் என்று ஓர் அணி 2016-ல் வந்து சரியாக ஆடவில்லை. அடுத்த ஆண்டு பெயரின் கடைசி 'ஸ்'ஸை எடுத்துவிட்டு சூப்பர்ஜயன்ட் ஆனார்கள். இறுதிப் போட்டி வரை வந்து ஒரே ரன்னில் தோற்றார்கள். இன்னோர் எழுத்தையும் எடுத்திருக்கலாமோ என்னவோ!

எங்கள் வாதம் கொஞ்சம் ஆடுகிற இடம் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. வேர் இருந்தும் பிடுங்கி நடப்பட்ட பெயர்கள். கூடைப்பந்தில் லேக்கர்ஸ் முதலில் மினியாபொலிஸில் இருந்தது. அந்த ஊர் இருக்கும் மினசோட்டா ஏரிகளுக்குப் பேர்போன மாநிலம், பொருத்தமான பெயர். 1960-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார்கள், பெயரும் கூடவே போனது. 1974-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த அணிக்கு ஜாஸ் என்று பெயர். அந்த இசை பிறந்த ஊர், இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. 1979-ல் அந்த அணி சால்ட் லேக் சிட்டிக்குப் போய் யூட்டா ஜாஸ் ஆனது. ஆக, ஊர்ப் பெயரிலேயே ஏரி இருக்கிற இடத்தில் ஜாஸ், ஏரிக்கு யாரும் தேடிப் போகாத ஊரில் லேக்கர்ஸ்! லேக்கர்ஸ் என்ற பெயரை இன்று உலகமே விரும்புகிறது என்பது உண்மை. மேஜிக் ஜான்சன், கோபி பிரையன்ட் போன்ற ஆட்டக்காரர்கள் அங்கே புது வேர் விட வைத்தார்கள். யூட்டா ஜாஸ் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கடைசியாக ஒன்று, இதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். வீரம் வேண்டும் என்று தேடிப் போனவர்கள், உயிரோடு இருக்கிற ஒரு மக்களையே வேட்டைச் சின்னமாக்கினார்கள். அமெரிக்கப் பழங்குடியினரைத் தோல் நிறத்தால் இழிவுபடுத்தும் வசவைத்தான் வாஷிங்டனின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி பெயராக வைத்திருந்தது. 'அவர்களுடைய வீரத்துக்கு மரியாதை' என்று பல ஆண்டு சாதித்தார்கள். அந்த மக்களோ வேண்டாம் என்று போராடிக்கொண்டே இருந்தார்கள். 2020-ல்தான் கைவிட்டார்கள். பைரேட்ஸ் தாங்கள் வாங்கிய வசவைத் தாங்களே சூடிக்கொண்டார்கள். இவர்கள் அடுத்தவர் மேல் விழுந்த வசவைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

கிளீவ்லண்ட் பேஸ்பால் அணியும் 1915 முதல் வைத்திருந்த 'இந்தியன்ஸ்' என்ற பெயரை விட்டது. பதிலுக்கு எங்கே தேடினார்கள் தெரியுமா? தங்கள் மைதானத்துக்குப் பக்கத்திலேயே. 1932-ல் திறந்த ஒரு பாலம், அதன் தூண்களில் 'போக்குவரத்தின் காவலர்கள்' என்று பெரிய கற்சிலைகள், ஒவ்வொன்றின் கையிலும் வைக்கோல் வண்டி முதல் லாரி வரை ஏதோ ஒரு வாகனம். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் தினம் கடந்து போன சிலைகள். 2022 பருவம் முதல் அந்த அணி கார்டியன்ஸ். லாரியைக் கையில் வைத்திருக்கும் காவலர் கிளீவ்லண்டில் நிற்கிறார், சிங்கம் எல்லா ஊரிலும் நிற்கிறது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கைக்கு ஒரே ஒரு கேள்வி. பேக்கர்ஸ் என்று நீங்கள் சொன்னால் ஊர், விளையாட்டு இரண்டையும் நான் சொல்லிவிடுவேன். உங்கள் பக்கத்துப் பெயர் ஒன்றை நான் சொல்கிறேன்: வாரியர்ஸ். அமெரிக்காவில் கூடைப்பந்து, கிளாஸ்கோவில் ரக்பி யூனியன், நியூசிலாந்தில் ரக்பி லீக், கொஞ்ச காலம் புனேயில் கிரிக்கெட். நான் எந்த அணியைச் சொன்னேன், அம்மா?