கோப்பு இல்லாத கார்

வணக்கம் நேயர்களே. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு என்ன விலை, ஏன் அந்த விலை, இன்று வைத்திருப்பவர்களுக்குப் பிறகு அவை யார் கைக்குப் போகும், இந்த மூன்றையும் பேச வந்திருக்கிறேன்.

ஒரு மனை வாங்கப் போகிறவர் மண்ணைப் பார்ப்பார், தண்ணீரைப் பார்ப்பார். ஆனால் பணத்தை எண்ணி வைக்குமுன் மூலப் பத்திரத்தைத்தான் கேட்பார். பழைய காரும் அப்படித்தான். அதற்கும் ஒரு மூலப் பத்திரம் உண்டு, அதைக் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலைப் பதிவு, முதல் விற்பனை ரசீது, ஒவ்வொரு உரிமையாளரின் பெயர், ஒர்க்‌ஷாப் பில், பழைய புகைப்படம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்று நான் என்ன சொன்னாலும் சுற்றிச் சுற்றி இந்தக் கோப்பிடம்தான் வந்து நிற்பேன்.

முதலில் விலை. ஃபெராரி 250 ஜிடிஓ என்ற பந்தயக் காரை 1962 முதல் 1964 வரை மொத்தம் 36தான் கட்டினார்கள். புதிதில் அமெரிக்காவில் சுமார் 18,000 டாலர். பந்தயத்தில் அதைவிட வேகமான கார்கள் வந்ததும் அது வெறும் பழைய வண்டியாகிவிட்டது. 1960களின் இறுதியில் 10,000 டாலருக்கும் குறைவாகக் கைமாறியிருக்கிறது. 2018-இல் ஓர் ஏலத்தில் அதே வகைக் கார் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. 2023-இல் இன்னொன்று 5 கோடியே 17 லட்சம். இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 1955-இல் மெர்சிடிஸ் இரண்டே இரண்டு கட்டிய 300 எஸ்எல்ஆர் கூபேயில் ஒன்றை 2022-இல் நிறுவனமே விற்றது. 13 கோடியே 50 லட்சம் யூரோ.

இதைக் கேட்டவுடன், பழைய கார் வாங்கினால் பணம் பெருகும் என்று தோன்றும். நடுவில் நடந்ததையும் கேளுங்கள். 1988 ஆகஸ்டில் ஃபெராரி நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி இறந்தார். ஃபெராரி விலைகள் தலைகால் தெரியாமல் ஏறின. 1990 வாக்கில் ஒரு ஜிடிஓ ஒரு கோடி டாலரைத் தாண்டியது. நான்கைந்து ஆண்டுக்குள் அதே வகைக் கார் 30 லட்சம் டாலரைச் சுற்றி நின்றது. கடன் வாங்கி வாங்கியவர்கள் வட்டி கட்ட முடியாமல் விற்றார்கள், விற்க விற்க விலை மேலும் விழுந்தது. உலகிலேயே மிகச் சிறந்த காருக்கே அந்தக் கதி என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே எது விலையைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே பாயோன் சேகரிப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பிரான்ஸில் லாரித் தொழில் செய்த பாயோன் என்பவர், 1950களில் இருந்து பழைய கார்களை வாங்கிச் சேர்த்தார். அருங்காட்சியகம் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1970களில் தொழில் நொடித்தது. கொஞ்சம் கார்களை விற்றார்கள். மீதியைத் தோட்டத்தில் தகரக் கொட்டகைகளில் நிறுத்தினார்கள். மழை, காற்று, செடிகொடி எல்லாம் உள்ளே புகுந்தன. அவர் போய், அவர் மகனும் போய், 2014-இல் பேரப்பிள்ளைகள் ஏல நிறுவனத்தாரை அழைத்துக் காட்டினார்கள். ஏறக்குறைய 60 கார்கள். பல துருவாக உதிர்ந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். நடிகர் அலென் டெலோன் ஒரு காலத்தில் ஓட்டியது. அவர் அதில் இருக்கும் அன்றைய புகைப்படங்களும் உண்டு.

அதைக் கழுவவில்லை நேயர்களே. தூசியோடு அப்படியே 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலத்துக்கு வைத்தார்கள். ஏறக்குறைய 1 கோடியே 63 லட்சம் யூரோ. அழுக்குக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. யாருடைய கையும் படாத நிலைக்குக் கொடுத்தார்கள். பழைய பெயிண்டைச் சுரண்டிப் புதிதாக அடிக்க எந்த நாளும் முடியும். சுரண்டியதைத் திரும்பக் கொண்டுவர எந்த நாளும் முடியாது. முதல் பெயிண்ட், முதல் சீட், முதல் இன்ஜின் இருக்கும் காரை ஒரேயடியாகப் பிரித்துப் பளபளப்பாக்குவது, பல நேரம் அதன் மூலப் பத்திரத்தில் பாதியைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். பாயோன் கார்களுக்குப் புகைப்படங்களும் பதிவுகளும் இருந்தன. கோப்பு இருந்தது.

இப்போது காருக்குப் பக்கத்தில் போய் நிற்போம். ஒரு 1960களின் ஷெவ்ரலே கார்வெட் என்று வையுங்கள். வி8 இன்ஜின். விற்பவர், 'மேட்சிங் நம்பர்' என்கிறார். அதாவது தொழிற்சாலையில் இந்த காரில் ஏற்றிய அதே இன்ஜின்தான் இன்றும் இருக்கிறது என்கிறார். சிலிண்டர் ஹெட் என்ற மேல்மூடிக்கு முன்னால், பிளாக் என்ற இன்ஜின் வார்ப்பின் மேல் இரண்டு விரல் அகலத்தில் ஒரு தட்டையான இடம் இருக்கும். எண் அங்கேதான் குத்தியிருப்பார்கள். அழுக்கைக் கார்பரேட்டர் கிளீனரும் துணியும் கொண்டு துடையுங்கள். உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ கூடவே கூடாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். எண்ணுக்கு அடியில் மயிரிழை போன்ற கோடுகள், எல்லாம் ஒரே திசையில், இணையாக ஓட வேண்டும். தொழிற்சாலையில் பிளாக்கைச் சீவிய கருவி விட்ட தடம் அது. அந்தக் கோடுகள் இல்லாமல் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தாலோ, வட்டமான தேய்ப்புத் தடம் தெரிந்தாலோ, யாரோ பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கலாம்.

அதோடு முடியவில்லை. பிளாக்கை வார்த்த தேதி அதிலேயே மேடாக இருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து: ஏ என்றால் ஜனவரி, பி பிப்ரவரி, இப்படியே எல் வரை. 'சி 15 7' என்றிருந்தால் மார்ச் 15, ஆண்டு 7-இல் முடிகிறது, 1967 என்று வையுங்கள். கார் கட்டிய தேதி 1967 பிப்ரவரி என்று கோப்பு சொன்னால்? கார் பிறந்த பிறகு அதன் இன்ஜின் பிறந்திருக்க முடியாது. எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பிளாக் அந்த காருடையது இல்லை.

ஒன்றையும் மறக்கக் கூடாது. கோடுகள் இல்லை என்பதாலேயே விற்பவரை மோசக்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். அந்தத் தட்டை இடமும் ஹெட் உட்காரும் பரப்பும் ஒரே மட்டம். இன்ஜினை ஓவராலிங் செய்யும்போது லேத்காரர் பரப்பைச் சமப்படுத்தினால் எண்ணும் சேர்ந்து போய்விடும். அப்போது எது கைகொடுக்கும்? அந்த ஒர்க்‌ஷாப்பின் பில், வேலைக்கு முன் எடுத்த புகைப்படம். மறுபடியும் கோப்புதான்.

ஜாகுவார் இ-டைப்பில் வேலை சுலபம். தகட்டில் சேஸி, இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் நான்கு எண்களும் இருக்கும். தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழும் தருகிறார்கள். ஆனால் தகடு என்பது தனியாகப் பொருத்தியது, கழற்றி மாட்டிவிடலாம். தகட்டில் இருக்கும் எண் காரின் உடலிலும் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

அடுத்து பாடி. உலோக பாடிக்குப் பெயிண்ட் தடிமன் அளக்கும் சிறு மீட்டர் ஒன்று போதும். தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 100, 150 மைக்ரான். 250, 300 என்றால் மறுபடி அடித்தது. 1000-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவு, முகப்பு விளக்கைச் சுற்றி அளந்து பாருங்கள். பட்டி இருக்கிறதா என்று சிலர் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள்; ஒட்டவில்லை என்றதும் பதறாதீர்கள். மெர்சிடிஸ் 300 எஸ்எல் கூபே 1,400 கட்டினார்கள், பாடி இரும்பு, ஆனால் கதவும் பானெட்டும் டிக்கி மூடியும் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டக் கூடாது. ஒட்டினால்தான் கேள்வி.

சரி, வாங்கியாயிற்று. நிறுத்தி வைத்தால் விலை ஏறும் என்று நினைப்பவர்கள் அதிகம். நிறுத்தி வைத்த கார் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், வீல் சிலிண்டர் துருப்பிடிக்கும், அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைக் கரைக்கும், கார்பரேட்டருக்குள் வெள்ளைப் பொடியாக அரிப்பு விடும். எத்தனால் தாங்கும் ஹோஸை மாற்றுங்கள். டயரில் பூ, அதாவது சாலையைத் தொடும் வரிகள், முழுதாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பத்து ஆண்டு தாண்டினால் பூவைப் பார்க்காமல் மாற்றுங்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது பலருக்குப் பழக்கம். அதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜின் சூடாகுமுன் நிறுத்தினால் உள்ளே திரண்ட ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள், அது மருந்து. ஃபெராரி டெஸ்டரோசா மாதிரிக் கார்களில் டைமிங் பெல்ட் மாற்றவே இன்ஜினை இறக்க வேண்டும். ஓடாவிட்டாலும் பெல்ட்டுக்கு வயதாகும். வாங்கும் விலையோடு அந்தக் கூலியையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

இனி, அடுத்த கை. மனிதர்கள் தங்கள் இளமையில் சுவரில் படமாக ஒட்டி வைத்த காரைத்தான் கையில் காசு வந்ததும் வாங்குகிறார்கள். 1930களின் காரை அப்படி நினைத்து ஏங்கியவர்கள் குறைந்துவிட்டார்கள். அவற்றில் உச்சியில் இருப்பவை தாங்கும், நடுத்தரமானவை தாங்குவது கடினம் என்பது என் கணிப்பு. இப்போது தேடப்படுவது 1998-இல் முடிந்த ஏர்-கூல்டு போர்ஷே 911, 1999-இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 போன்றவை.

ஆனால் இந்தக் கார்களில் ஒரு புதுச் சிக்கல். கார்பரேட்டரை ஸ்க்ரூடிரைவர் வைத்துச் சரிசெய்யலாம். கம்ப்யூட்டரை? மெக்லாரன் எஃப்1 மொத்தம் 106 கட்டினார்கள். 2021-இல் ஒன்று 2 கோடி டாலருக்கு மேல் போனது. அந்த காரோடு பேச, தயாரித்தவர்களுக்கே 1990களின் காம்பாக் எல்டிஇ 5280 லேப்டாப்பும் அதற்கான தனி கார்டும் தேவைப்பட்டது. அந்தப் பழைய லேப்டாப்புகளைத் தேடிப் பிடித்துப் பாதுகாத்தார்கள். கோடிக்கணக்கான விலையுள்ள கார், காயலான் கடைக்குப் போக வேண்டிய ஒரு லேப்டாப்பை நம்பி நின்றது. சாதாரண 1990களின் காரிலும் இதுதான். இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள கெப்பாசிட்டர் என்ற சிறு மின்பாகம் முப்பது ஆண்டில் கசியும், கசிந்தது போர்டின் செம்புத் தடத்தை அரிக்கும். கசியுமுன் மாற்றினால் சில்லறைச் செலவு. கசிந்த பிறகு அந்தப் போர்டே கிடைக்காது. நிறுத்தி வைத்த காராக இருந்தாலும் திறந்து பார்த்துவிடுங்கள்.

விலை ஏறுவது வேறு, கார் உயிரோடு இருப்பது வேறு. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் கட்டினார்கள், பெரிய விலை போகாது. ஆனால் அதற்கு முழு பாடியே புதிதாகச் செய்து விற்கிறார்கள். இளைஞர் ஒருவர் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல கார் கிடையாது.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். எரிபொருள், காப்பீடு, பங்கு பங்காகக் காரை விற்கும் புது ஏற்பாடு எல்லாம் பேச நினைத்தேன். காப்பீட்டுக்கு ஒரே சொல்: முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் எடுங்கள், தேய்மானம் கழித்த மதிப்பில் வேண்டாம்.

வாரிசுகளுக்கு விடுகிறவர்கள் இன்றே செய்ய வேண்டியது: சாவி எங்கே, கோப்பு எங்கே, எந்த மெக்கானிக்குக் காரைத் தெரியும், குளிரில் எப்படி ஸ்டார்ட் ஆகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். காரிலிருந்து கழற்றி வைத்த பழைய கார்பரேட்டர், ஏர் ஃபில்டர் டப்பா, சக்கரங்கள் பரண் மேல் இருக்கும். பிள்ளைகளுக்கு அது பழைய இரும்பு. அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றின் மேலும் காரின் சேஸி எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். நன்றி நேயர்களே, வணக்கம்.