பண்டின் மேல் படரும் மஞ்சள் பூ

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நாம் ‘பண்டு’ என்று சொல்லும் மண்கரையை விளக்க வேண்டியதில்லை. அதன் ஒரு பக்கம் உப்புநீர் ஏறி இறங்கும் பாக்காவ் காடு, அதாவது அலையாத்திக் காடு; மறுபக்கம் எண்ணெய் தரும் செம்பனை. அந்தக் கரையில் பாய் விரித்ததுபோல் மஞ்சள் பூவுடன் படர்ந்து கிடக்கும் ‘வெடேலியா’ என்ற கொடியைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

நம்மவர் பலர் அதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பிக் கீரைக்குப் பறிக்கிறார்கள். சிறுவயதில் நானும் ஒரு கூடை பறித்துச் சென்றேன். பாட்டி ஓர் இலையை எடுத்துத் தடவிப் பார்த்து, “இது அது இல்லடா” என்று கூடையோடு கொட்டிவிட்டார். கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டு, தடவினால் சொரசொரக்கும். இதுவோ பளபளப்பானது, அகன்றது, இருபுறமும் சிறு மடல் பிதுங்கி மூன்றாகப் பிரிந்து நிற்பது. 1759-இல் இச்செடிக்குப் பெயரிட்ட தாவரவியல் அறிஞர் லின்னேயஸும் அந்த மடல்களைக் கண்டே ‘டிரைலோபேட்டா’ என்றார். மூன்று மடல் உடையது என்பது பொருள். பூவை மட்டும் பார்த்தவர்கள்தான் ஏமாந்தோம். ஒன்றின் மருத்துவக் குணத்தை உருவ ஒற்றுமைக்காக மற்றொன்றின் மேல் ஏற்றுவது ஆபத்து.

இதன் தாயகம் மெக்சிகோ முதல் தென்னமெரிக்கா வரையிலான வெப்பநாடுகளும் கரீபியத் தீவுகளும். அழகுக்காகவும், சரிவில் மண் அரிக்காமல் இருக்கவும் பல நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டது. நர்சரிகளில் ‘வெடேலியா’ என்று கேட்டால் தருவார்கள். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

நாள்தோறும் அலை மூழ்கடிக்கும் சேற்றில் இது நிற்காது. ஆனால் உப்புக்காற்றைத் தாங்கும் என்பதால், சேற்றுக்கு மேலுள்ள விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அங்கே முளைக்க வேண்டிய சிறு செடிகளுக்கு வெயிலே படாமல் மூடிவிடுகிறது. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்துக்கு உரியதாகப் பாடிய அடும்பும் கொடிதான். அது மணலைப் பிணைத்துக்கொண்டு பிறவற்றுக்கும் இடம் விடுகிறது.

இக்கொடி விதையை அதிகம் நம்புவதில்லை. ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்டவுடன் வேர்விடும். புல்வெட்டும் இயந்திரத்தால் அடிக்கும்போது நாம் அழிப்பதாக எண்ணுகிறோம். உண்மையில் நூறு துண்டாக்கி நட்டுக்கொண்டிருக்கிறோம். ஆகவே அடுத்த கோத்தோங் ரோயோங்கில், ஊர்கூடிச் செய்யும் துப்புரவுப் பணியில், வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கியதை வடிகாலில் தள்ளினால் துண்டுகள் நீரோடு போய் அடுத்த கரையில் ஒதுங்கும். ஈரமண்ணில் குவித்தால் குவியலே தழைக்கும். சிமெண்டுத் தரையில் பரப்பி, தண்டு ஒடியும்வரை காயவிடுங்கள்.