கடத்திக் கொண்டுவரப்பட்டவருக்கு நியாயமான விசாரணை நடக்குமா?

[காட்சி: இருண்ட சாலை, தொலைவில் ஒரு பஸ்ஸின் விளக்குகள்]

1960 மே 11, இரவு எட்டு மணி கடந்துவிட்டது. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோவில், கரிபால்டி தெருவில் மின்சாரம்கூட வராத ஒரு வீடு. மெர்சிடிஸ் பென்ஸ் ஆலையில் வேலை முடித்து, வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குகிறார் ரிக்கார்டோ கிளெமென்ட். சாலையோரம் நின்றிருந்த ஒருவர் ஸ்பானிய மொழியில், "ஒரு நிமிடம், ஐயா" என்கிறார். அடுத்த கணம் இருவரும் தரையில் உருள்கிறார்கள்.

மடக்கிப் பிடித்தவர் பீட்டர் மால்கின், இஸ்ரேலின் உளவுத்துறையான மொசாட்டைச் சேர்ந்தவர். அன்று அவர் கையுறை அணிந்திருந்தார். பிடிபட்டவரின் வாயை வெறுங்கையால் பொத்த மனம் ஒப்பவில்லை என்று பின்னாளில் சொன்னார். பிடிபட்டவரின் உண்மைப் பெயர் அடால்ஃப் ஐக்மன். ஐரோப்பிய யூதர்களை ரயில் ரயிலாக வதைமுகாம்களுக்கு அனுப்பிய ஏற்பாடுகளின் நடுவில் இருந்த அதிகாரி. 1944இல் ஹங்கேரியிலிருந்து மட்டும் இரண்டு மாதத்துக்குள் ஏறத்தாழ 4,37,000 பேர் அப்படி அனுப்பப்பட்டார்கள்.

ஒன்பது நாள் மறைவிடத்தில் வைத்திருந்து, மயக்க மருந்து கொடுத்து, விமான ஊழியர் சீருடை மாட்டி, இஸ்ரேலின் எல் ஆல் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். 'இஸ்ரேலில் விசாரணைக்கு வரச் சம்மதம்' என்று ஒரு தாளில் அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அடைத்து வைக்கப்பட்ட ஒருவர் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. இது ஆள்கடத்தல். வேறு பெயர் சொல்லி இதை மென்மையாக்கக் கூடாது.

அப்படியென்றால் முறைப்படி கேட்டிருக்கலாமே? ஐக்மன் இருக்கும் இடம் பற்றிய தகவலை இஸ்ரேலுக்குக் கொடுத்தவரே ஒரு ஜெர்மானிய அரசு வழக்கறிஞர்தான். ஹெஸ்ஸன் மாநிலத்தின் ஃப்ரிட்ஸ் பாவர். சொந்த அரசிடம் சொன்னால் அங்கே இன்னும் பதவியில் இருந்த பழைய நாஜிகள் ஐக்மனுக்குத் தகவல் கொடுத்துவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். அஞ்சியதில் காரணம் இருந்தது. ஆஷ்விட்ஸ் முகாமின் மருத்துவர் மெங்கலேயை ஒப்படைக்கும்படி மேற்கு ஜெர்மனி அர்ஜென்டினாவிடம் முறைப்படி கேட்டது. காகிதங்கள் நகர்வதற்குள் ஆள் பறந்துவிட்டார். 1979இல் பிரேசில் கடற்கரையில் நீந்தும்போது இறந்தார். எந்த நீதிமன்றத்திலும் அவர் ஒருநாள்கூட நிற்கவில்லை.

[காட்சி: ஐ.நா. பாதுகாப்புச் சபை]

அர்ஜென்டினா ஐ.நா.வில் முறையிட்டது. 1960 ஜூன் 23 அன்று பாதுகாப்புச் சபை 138ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இத்தகைய செயல் ஒரு நாட்டின் இறையாண்மையைப் பாதிக்கிறது, இஸ்ரேல் தக்க பரிகாரம் செய்ய வேண்டும் என்றது. ஆனால் ஐக்மனைத் திருப்பி அனுப்பு என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆகஸ்டில் இரு நாடுகளும் கூட்டறிக்கை விட்டு விவகாரத்தை முடித்துக்கொண்டன.

'எப்படிப் பிடித்தீர்கள் என்பது வேறு, விசாரிக்கும் உரிமை வேறு' என்ற இந்த வாதம் புதியதல்ல. இந்தியர்களுக்கு இதில் ஒரு பழைய காயமே உண்டு. 1910 ஜூலையில் மார்செய் துறைமுகத்தில், கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட சாவர்க்கர் ஆங்கிலேயக் கப்பலிலிருந்து குதித்து பிரெஞ்சு மண்ணில் ஏறினார். பிரெஞ்சுக் காவலர் அவரைப் பிடித்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். வழக்கு ஹேக் நடுவர் மன்றம் வரை போனது. ஒப்படைத்ததில் முறைகேடு உண்டு, ஆனாலும் பிரிட்டன் அவரைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று 1911இல் தீர்ப்பு வந்தது. கொலைகாரனைக் கூண்டில் ஏற்றிய அதே விதிதான் பேரரசுக்கும் கைகொடுத்தது. ஐக்மன் பிடிபட்டதில் எனக்கும் நிறைவு உண்டு. ஆனால் அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட முடியாதது இதனால்தான்.

[காட்சி: ஜெருசலேம், 1961 ஏப்ரல் 11. குண்டு துளைக்காத கண்ணாடிக் கூண்டு]

இப்போது விசாரணைக்கு வருவோம். ஐக்மனின் வழக்கறிஞர் ராபர்ட் செர்வாட்டியஸ், போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பெர்க் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்புக்காக வாதாடியவர். முதல் நாளிலேயே அவர் எழுப்பிய கேள்விகள் எளிதானவை அல்ல. குற்றம் நடந்தபோது இஸ்ரேல் என்ற நாடே இல்லை. தண்டிக்கும் சட்டம் 1950இல் வந்தது. பாதிக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்தவர்களே நீதிபதிகளாக உட்காரலாமா? தலைமை நீதிபதி மோஷே லாண்டாவ் இதை மழுப்பவில்லை. நீதிபதியும் ரத்தமும் சதையும் உள்ள மனிதர்தான், அந்த உணர்ச்சியை அடக்கிக்கொள்ளும்படி சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது என்பதே பதிலின் சாரம்.

அடக்கிக்கொண்டார்களா? தீர்ப்பைப் பார்க்கலாம். செக்கோஸ்லோவாகியாவின் லிடிட்சே கிராமத்தை நாஜிகள் அழித்தபோது, அங்கிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நூறு பேரைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அந்த வெளியேற்றத்தில் ஐக்மனுக்குப் பங்கு உண்டு என்றது நீதிமன்றம். ஆனால் அந்தக் குழந்தைகள் கொல்லப்படப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும் என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, கொலைக் குற்றத்தை அவர்மேல் சுமத்தவில்லை. லட்சக்கணக்கான கொலைகளின் நடுவே, நூறு குழந்தைகளின் கணக்கில் சந்தேகத்தின் பலனை ஐக்மனுக்குக் கொடுத்தார்கள். இந்தப் பக்கத்தைப் படித்த பிறகு அந்த விசாரணையை நாடகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. செர்வாட்டியஸ் அழைக்க விரும்பிய சாட்சிகளில் பலர் முன்னாள் நாஜிகள். இஸ்ரேலுக்கு வந்தால் கைது செய்ய மாட்டோம் என்று உறுதி தர அரசுத் தரப்பு மறுத்தது. அதனால் அவர்களது வாக்குமூலம் வெளிநாட்டு நீதிமன்றங்களில் பதிவானது. ஜெருசலேமின் நீதிபதிகள் சாட்சியின் முகத்தையே பார்க்கவில்லை. இது உண்மையான குறை.

இன்னொன்று, அவசரம். 1962 மே 29 அன்று மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. கருணை மனுவும் நிராகரிக்கப்பட்டு, மே 31 நள்ளிரவை ஒட்டி ராம்லா சிறையில் தூக்கு. இடையில் இரண்டே நாள். ஐக்மன் விஷயத்தில் ஆள்மாறாட்டத்துக்கு இடமில்லை, தான் யார் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். எல்லா வழக்கும் அப்படி அமையாது.

[காட்சி: அமெரிக்கா, ஒஹையோ மாநிலத்தில் ஒரு கார் ஆலை]

ஜான் டெம்யான்யுக் ஃபோர்டு ஆலைத் தொழிலாளி. அவரை யாரும் கடத்தவில்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் விசாரித்து, 1986இல் முறைப்படி இஸ்ரேலிடம் ஒப்படைத்தன. டிரெப்ளிங்கா முகாமில் விஷவாயு அறையை இயக்கிய 'கொடூர இவான்' இவர்தான் என்று, அங்கிருந்து உயிர்தப்பியவர்கள் கூண்டில் ஏறி அடையாளம் காட்டினார்கள். பொய் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. 1988இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

மேல்முறையீடு ஐந்தாண்டு இழுத்தது. அதற்குள் சோவியத் ஒன்றியம் சரிந்து, பூட்டிக் கிடந்த கோப்புகள் திறந்தன. டிரெப்ளிங்காவின் முன்னாள் காவலர்கள் பலர் கொடுத்த வாக்குமூலங்களில் அந்த இவானின் குடும்பப் பெயர் மார்ச்சென்கோ என்று இருந்தது. 1993இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக டெம்யான்யுக்கை விடுவித்தார்கள்.

சட்டத்தை மீறிக் கொண்டுவரப்பட்டவர்மீது குற்றம் சரியாக நிரூபணமானது. சட்டப்படி வந்தவரோ வேறொருவன் செய்த கொலைகளுக்காகத் தூக்குமேடை வரை போய்த் திரும்பினார். இங்கே ஐந்தாண்டுக்குப் பதில் இரண்டு நாள் என்றிருந்தால், அந்தக் கோப்புகள் ஒரு பிணத்துக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கும்.

டெம்யான்யுக் அப்பழுக்கற்றவரும் அல்ல. 2009இல் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். சோபிபோர் முகாமில் காவலராக இருந்து 28,000க்கும் மேற்பட்ட கொலைகளுக்குத் துணைபோனதாக மியூனிக் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டு சிறை. அவர் மேல்முறையீடு செய்தார். அது முடியும் முன், 2012 மார்ச்சில், 91 வயதில் ஒரு முதியோர் இல்லத்தில் இறந்தார். ஆகவே ஜெர்மன் சட்டப்படி அந்தத் தீர்ப்பு இறுதியாகவே இல்லை.