முதல் வகுப்பில் யார் கற்பிக்கிறார்?

அவையோர்க்கு வணக்கம். வளரும் நாடுகளின் பொதுக்கல்வியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், எத்தனை பள்ளிகள் திறக்கப்பட்டன, எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்ற கணக்கே முதலில் முன்வைக்கப்படுகிறது. பள்ளி வாசலையே காணாத தலைமுறைகளுக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு வகுப்பறையில் கிடைக்கும் ஓர் இடம் எவ்வளவு பெரியது என்பதை அறிவேன். ஆயினும், 2019ஆம் ஆண்டு உலக வங்கி வெளியிட்ட மதிப்பீட்டின்படி, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் 53 விழுக்காட்டினரால் ஓர் எளிய கதையைப் படித்துப் பொருள்கொள்ள இயலவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளியில் சேர்ந்தவர்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது.

மலாவி நாட்டை எண்ணிப் பாருங்கள். 1994இல் தொடக்கக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டதும் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 19 லட்சத்திலிருந்து 30 லட்சத்தை நெருங்கியது. அறம் சார்ந்த அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கட்டணத்தை ஓர் ஆணையால் நீக்கலாம். ஆசிரியரை ஆணையால் உருவாக்க முடியாது. முறையான பயிற்சி பெறாதவர்களை ஆயிரக்கணக்கில் அவசரமாக நியமிக்க நேர்ந்தது; நெரிசல் மிகுந்த கீழ்வகுப்புகளே அதன் சுமையைத் தாங்கின.

நிதி போதவில்லை என்பது உண்மை. ஒதுக்கிய நிதியும் போய்ச் சேர்வதில்லை என்பது இன்னொரு உண்மை. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கென அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடே பள்ளிகளை எட்டியது. பின்னர், எவ்வளவு பணம் அனுப்பப்படுகிறது என்பதைச் செய்தித்தாள்களிலும் பள்ளிச் சுவர்களிலும் அறிவிக்கத் தொடங்கினார்கள். 2001க்குள் அந்த விகிதம் 80 விழுக்காட்டைத் தாண்டியது. அறிவிப்பு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எனினும், தமக்கு வரவேண்டியது எவ்வளவு என்று பெற்றோர் அறிந்திருப்பதைவிடச் சிக்கனமான தணிக்கை வேறு எனக்குத் தெரியவில்லை.

மொழிச் சிக்கல் இதைவிட ஆழமானது. வீட்டில் ஒரு மொழி பேசும் பிள்ளை, காதில் விழுந்தேயிராத மொழியில் எழுத்தறியத் தொடங்கினால், எழுத்தையும் பொருளையும் ஒருசேரத் துரத்தி, இரண்டையும் தவறவிடுகிறது. தாய்மொழிவழித் தொடக்கக் கல்வியைக் கொள்கையாக அறிவித்துவிட்டு, அம்மொழியில் பாடநூலும் அச்சிடாமல், அம்மொழி அறிந்த ஆசிரியரையும் அனுப்பாமல் விடுவது அறிவிக்காததற்குச் சமம்.

ஆகவே ஒன்றை வலியுறுத்துகிறேன்: பொதுத்தேர்வு வகுப்புகளுக்கே தேர்ந்த ஆசிரியர்களை ஒதுக்கும் வழக்கத்தை மாற்றி, பிள்ளையின் மொழி அறிந்த, பயிற்சியும் பட்டறிவும் மிக்க ஆசிரியரை முதல் வகுப்பில் அமர்த்துங்கள், அதற்கான கூடுதல் ஊதியத்தைப் பணி விதிகளிலேயே எழுதிவையுங்கள்.