தையலைப் பிரியுங்கள்!

நடுவர் அய்யாவுக்கும், எங்களைப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கிற எதிரணிக்கும், பந்தி எப்போ ஆரம்பிக்கும்னு காத்திருக்கிற உங்களுக்கும் வணக்கம்.

முகூர்த்தம் நெருங்குது, பட்டுப்புடவைக்குத் தைச்ச ரவிக்கை பத்தலை. குறைக்க வேண்டியது உடம்பையா, பிரிக்க வேண்டியது தையலையா? இதுதான் தலைப்பு. தையலைத்தான்னு சொல்ல வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் ஒரு ஆதாரம் கொண்டுவந்தாரு. அவரோட அக்கா மகள் பத்தே நாள்ல அஞ்சு கிலோ குறைஞ்சுட்டாளாம். நீங்க கைதட்டினீங்க, நானும் தட்டினேன். தட்டிட்டு இந்தத் துண்டுக் காகிதத்துல கணக்குப் போட்டேன். ஒரு கிலோ உடம்புக் கொழுப்பு கரையணும்னா சுமார் 7,700 கலோரி செலவாகணும். அஞ்சு கிலோவுக்கு 38,500. பத்து நாளுக்குப் பங்கு போட்டா ஒரு நாளைக்கு 3,850. அந்த வயசுப் பொண்ணு தூங்குற நேரத்தையும் சேர்த்து ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கிறதே மொத்தம் 2,000 பக்கம்தான். பத்து நாளும் ஒரு பருக்கை வாயில படாம இருந்தாக்கூட 20,000. ரெண்டரை கிலோ சொச்சம் கொழுப்பு. அப்போ மீதி ரெண்டு கிலோ சொச்சம் எங்க போச்சு அண்ணே? களவு போயிடுச்சா?

போனது தண்ணி. நம்ம ஈரல்லயும் தசையிலயும் சுமார் அரை கிலோ மாவுச்சத்து சேமிப்புல கிடக்கும். அதுல ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணியைக் கூடவே கட்டி வச்சிருக்கும். சோத்தை நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல அந்தச் சேமிப்பு பெரும்பாலும் தீருது, தண்ணியும் வடிஞ்சு போகுது. பட்டினி நீண்டா தசையும் கரையும். தராசுக்கு இதெல்லாம் தெரியுமா? எது குறைஞ்சாலும் முள்ளைக் காட்டிட்டுச் சும்மா நிக்கும். அப்புறம் நலங்கு வருது, சித்தப்பா வீட்டு விருந்து வருது, அத்தை வீட்டு விருந்து வருது. ரெண்டு பந்தி உட்கார்ந்து எழுந்தா போன தண்ணி வீடு திரும்பிடும். கூரைப்புடவை கட்டுற காலையில ரவிக்கைக் கொக்கி பழையபடி முறைக்கும்.

நமக்குத்தான் தெரியலை, தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா நடக்கும்னு நினைப்பீங்க. 2024 ஆகஸ்ட், பாரிஸ் ஒலிம்பிக். நம்ம வினேஷ் போகாட் 50 கிலோ மல்யுத்தத்துல ஒரே நாள்ல மூணு பேரைச் சாய்ச்சு இறுதிப் போட்டிக்குப் போனாங்க. மறுநாள் காலையில திரும்ப எடை பார்க்கணும். டாக்டர், பயிற்சியாளர், சத்துணவு நிபுணர்னு ஒரு படையே கூட இருந்துச்சு. ராத்திரி முழுக்கத் தூங்காம உடற்பயிற்சி, நீராவி அறை, தண்ணி குடிக்கிறதுல கட்டுப்பாடு, கடைசியில தலைமுடியைக்கூட வெட்டிப் பார்த்தாங்க. விடிஞ்சு தராசுல ஏறினா 100 கிராம் அதிகம். தகுதி நீக்கம். உடம்புல நீர் வத்திப்போய்ச் சிகிச்சை எடுக்க வேண்டியதாச்சு. உலகத்தரப் படையே கேட்டும் உடம்பு அந்த நூறு கிராமை விட்டுக்கொடுக்கலை. நாலு வெள்ளரிக்காயைக் கையில வச்சுக்கிட்டு நாம அஞ்சு கிலோ கேட்கிறோம்! அவங்களுக்காவது பதக்கம் காத்திருந்துச்சு. நமக்குக் காத்திருக்கிறது போட்டோகிராபர்.

அடுத்துப் பேசின தங்கச்சி பழமொழி எடுத்து விட்டாங்க. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. ரொம்பச் சரி. கொள்ளுல புரதம் இருக்கு, நார்ச்சத்து இருக்கு, வயிறு நிறையும், சீக்கிரம் பசிக்காது. ரசம் வைங்க, சுண்டல் பண்ணுங்க. ஆனா பத்து நாள் கெடுன்னு அந்தப் பழமொழியில எந்த இடத்துல இருக்கு? அதைச் சொன்னவன் காலத்துல அழைப்பிதழே கிடையாதும்மா.

என் கதைக்கு வர்றேன். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால நானும் ஆரம்பிச்சேன். காலையில வெந்நீர், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி மோர். இளைச்சேன், பொய் சொல்லலை. ஆனா ரவிக்கைக்கு அளவு கொடுத்தது ஆனி மாசம், கல்யாணம் ஆவணியில! தைச்சு வந்தது தொளதொளன்னு தோள்ல நிக்கலை. விடியக்காலை நாலரை மணிக்கு, மேளம் வாசல்ல நிக்கும்போது, எங்க பெரியம்மா முதுகுல ஏழு ஊக்குக் குத்தினாங்க. ஹோமப் புகையில தலை சுத்துது, பின்னால ஊக்குக் குத்துது. போட்டோவுல என் முகத்தைப் பார்த்து, பிறந்த வீட்டைப் பிரியுற சோகம்னு எல்லாரும் நினைச்சாங்க.

அது அன்னைக்கோட முடிஞ்சுதா? மூணாம் மாசம் மாமியார் வீட்டுல முடி கொத்துக் கொத்தா கொட்டுது. "ஊர்த் தண்ணி மாறிடுச்சும்மா, அதான்"னு அத்தை சொன்னாங்க. நானும் வருஷக்கணக்கா அந்த ஊர்த் தண்ணியைத் திட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் ஒரு தோல் டாக்டர் விளக்கினாங்க: பட்டினி போட்ட உடம்பு முதல்ல முடி வளர்க்கிற வேலையைத்தான் நிறுத்தும், ஆனா அது கொட்டுறது ரெண்டு மூணு மாசம் கழிச்சு. இங்க எத்தனை புதுப்பொண்ணுங்க பாவம் தண்ணித் தொட்டியைக் குறை சொல்லிக்கிட்டு இருக்கீங்களோ! பித்தப்பைக் கல் வேற. வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல இறங்கினா அந்த வாய்ப்பு கூடும். கொழுப்பு வேகமா கரையும்போது ஈரல் பித்தத்துல கொலஸ்ட்ராலைக் கொட்டும், சாப்பாடு இல்லாததால பித்தப்பை சரியாச் சுருங்காது, தேங்கினது கல்லாகுது. பேதி மாத்திரை, நீர் பிரியற மாத்திரை பத்தி நான் பேசவே போறதில்லை. அது இளைக்கிற வழியே இல்லை.

உடனே தங்கச்சி எழுந்து, "அப்போ குண்டாவே மேடை ஏறணுமா?"ன்னு கேட்கப் போறாங்க. குறைக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. ஆடியில கல்யாணம் வைக்கிறதில்லை, நல்லதாப் போச்சு. ஆடி ஒண்ணாம் தேதி ஆரம்பிச்சு, ஆவணி நடுவுல முகூர்த்தம்னா ஆறு வாரம். ஒரு நாளைக்கு 500 கலோரி குறைச்சா வாரம் கிட்டத்தட்ட அரை கிலோ, ஆறு வாரத்துல மூணு கிலோ பக்கம். சோறு பாதி, கூட்டும் கீரையும் ரெண்டு மடங்கு, தினம் ஒரு பயறோ முட்டையோ, சாயங்காலம் நாலு மணி பஜ்ஜிக்கு விடுமுறை, ஒரு மணி நேரம் நடை, பத்து மணிக்குப் போனைத் தூக்கி வச்சுட்டுத் தூக்கம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட கேட்காம இதுல இறங்கக் கூடாது. அதுக்கு மேல வேகம் கேட்டா உடம்பு தராது. தந்த மாதிரி நடிக்கும், அவ்வளவுதான்.

மூணு கிலோ போதாதே, மிச்சத்துக்கு என்ன பண்றதுன்னா, அதுக்குத்தான் தெருமுனையில தையல்காரர் இருக்காரு. விவரமானவர் ரவிக்கையோட ரெண்டு பக்கமும் உள்ளே துணி விட்டு, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா மூணு தையல் ஓட்டி வச்சிருப்பாரு. நீங்க குண்டாவீங்கன்னு அந்த மனுஷனுக்கு அன்னைக்கே தெரியும்! ஒரு வார்த்தை கிண்டலா சொன்னாரா? உடம்பு கூடினாலும் அவர்கிட்டதான் போகணும், என்னை மாதிரி இளைச்சாலும் அவர்கிட்டதான் போகணும். அப்புறம் நடுவுல எதுக்குப் பட்டினி?

நடுவர் அய்யா மணியைத் தொடறாரு. ஒரே ஒரு வார்த்தை அய்யா. நான் இன்னைக்குப் போட்டு வந்திருக்கிறது அதே கல்யாண ரவிக்கைதான். ஏழு ஊக்குக் குத்தின அதே ரவிக்கை. ரெண்டு தையல் பிரிச்சாச்சு. மூணாவது இன்னும் கெட்டியா இருக்கு. வணக்கம்.