படி எடுத்தாச்சா, திறந்து பார்த்தாச்சா?

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையைச் சுற்றி எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வாத்தியார் கும்மிப் பாட்டாகச் சேர்த்து வைத்திருப்பார். அலங்காநல்லூரில் ஒருவர் வாடிவாசலுக்கு வந்த காளைகளை வருசாவருசம் படம் எடுத்துப் போட்டிருப்பார். செல்லூரில் ஓர் அம்மா கல்யாண வீட்டுச் சமையலைப் படி, ஆழாக்கு அளவோடு எழுதி வைத்திருப்பார். முன்பு டைரியில் இருந்ததெல்லாம் இப்போது இணையத்தில், அவரவர் சொந்தத் தளத்தில் இருக்கிறது. சந்தோசம். அது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். "நெட்ல இருக்கு சார்" என்பார்கள்.

நெட் ஒன்றும் ஆகாயத்தில் இல்லை. எங்கேயோ ஒரு கட்டடத்தில், யாருக்கோ சொந்தமான கணினியில் இருக்கிறது. இலவசமாக இடம் கொடுத்தவர் தனக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் கடையை மூடுவார். காசு வாங்கிக்கொண்டு இடம் கொடுத்தவர், நாம் ஒரு வருசம் கட்ட மறந்தால் நம் பக்கத்தை மட்டும் மூடுவார். ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தொண்ணூறுகளில் இணையத்துக்குப் போனவர்கள் பலரும் முதலில் குடியேறிய இலவச இடம். 2009 அக்டோபரில் யாகூ அதை மூடியது. சொல்லிவிட்டுத்தான் மூடினார்கள். ஆனால் பழைய மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காதவருக்கு அந்த அறிவிப்பு எப்படிப் போய்ச் சேரும்? பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற இண்டர்நெட் ஆர்க்கைவ் மாதிரி சிலர் ஓடிப்போய் அள்ளியதில் கொஞ்சம் மிஞ்சியது.

இருக்கிற இடம் சரியில்லை, வாடகை கூடிவிட்டது, வேறு இடத்துக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாடகை வீடு மாறுவது மாதிரிதான் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. குட்டியானையில் சாமானை ஏற்றிவிட்டால் பழைய வீடு காலி. தளத்தில் அப்படி இல்லை, அதே சாமான் பழைய வீட்டிலும் இருக்கும், புது வீட்டிலும் இருக்கும். இப்படி ஒரு வசதி இருக்கும்போது, பால் காய்ச்சின அன்றைக்கே பழைய வீட்டுச் சாவியை ஏன் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மேலூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியர், ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலை ஏறிவிடுவார். மாங்குளம், கீழவளவு, அரிட்டாபட்டி, இந்தப் பக்கம் கீழக்குயில்குடி சமணமலை. குகைக்குள் கல்லில் செதுக்கிய படுக்கைகள், மேலே புருவம் மாதிரி வெட்டிய பாறை விளிம்பு, அதை ஒட்டித் தமிழி என்கிற பழங்காலத் தமிழ் எழுத்து. மாங்குளத்துக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரே இருக்கிறது. அந்த எழுத்தைப் படம் எடுப்பது லேசு இல்லை. உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் பாறைதான் தெரியும். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிற நேரம் பார்த்து எடுத்தால்தான் வெட்டின கோட்டில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அதற்காக இருட்டோடு புறப்பட்டுப் போவார். ஃபிலிம் காலத்துப் படங்களை மேலூரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் தன் தளத்தில் போட்டிருந்தார்.

வாடகை கட்டுப்படியாகவில்லை என்று, அவருடைய அக்கா மகன் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுத்தான். கெட்டிக்காரப் பையன். ஏற்றுமதி என்று ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கினான், ஒரு கோப்பு வந்தது. புது இடத்தில் ஏற்றினான். கட்டுரை எல்லாம் வந்தது, படமும் தெரிந்தது. "மாமா, முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுப் பழைய கணக்கை மூடினான். அடுத்து திறந்து பார்த்தபோது எழுத்து அப்படியே இருக்கிறது, படம் இருந்த இடத்திலெல்லாம் வெறும் கட்டம். கட்டத்துக்குக் கீழே அவர் எழுதிய குறிப்பு மட்டும்: "மேல் குகை, தெற்குப் பார்த்தது, காலை வெயில்."

என்ன நடந்தது? அந்தக் கோப்பில் படம் இல்லவே இல்லை, படம் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருந்தது. புதுத் தளம் ஒவ்வொரு தடவையும் பழைய தளத்துக்குப் போய்ப் படத்தை வாங்கி வந்து காட்டிக்கொண்டிருந்தது. பழையதை மூடினதும் வாங்க இடம் இல்லை. தளம் நடத்த வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து வரும், படம் வராது. புது இடத்தில் ஏற்றும்போது, படங்களையும் சேர்த்து இறக்கிக்கொள்ளவா என்று கேட்டு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போடவேண்டும். அப்படி இறக்கி முடிகிற வரைக்கும் பழைய தளம் உயிரோடு இருக்கவேண்டும்.

ஸ்டுடியோக்காரரிடம் பழைய சிடி சில கிடந்தன, கொஞ்சம் படம் திரும்பி வந்தது. வராத படங்களில் ஒன்று, குவாரிக்காக வெட்டி எடுத்துவிட்ட ஒரு பாறைச் சரிவு. அதை இனி எந்த வெயிலில் போய் எடுப்பது?

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏட்டுச்சுவடி ஞாபகம் வந்துவிடும். வானொலி நிலையத்தார் மன்னிக்கவேண்டும், இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. ஓலையைச் செல் அரிக்கும், ஒடியும். அதனால் ஒரு தலைமுறைக்கு ஒரு தடவையாவது புது ஓலையில் படி எடுப்பார்கள். எடுத்து முடித்த பிறகு நைந்துபோன பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் காலப்போக்கில் படி எடுக்கிற வேலை நின்றுவிட்டது, ஆற்றில் விடுகிற வேலை நிற்கவில்லை. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிச் சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனார். அங்கே இருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சாஸ்திரப்படிதான் செய்தார்களாம். அந்த அக்கா மகனும் முறைப்படிதான் செய்தான், பொத்தானை அமுக்கினான், கோப்பு வந்தது. படி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்காமல் பழையதை அழித்ததுதான் இரண்டு இடத்திலும் நடந்தது.

சரி, எழுத்துக்கு வருவோம். படம் போனால் கட்டமாவது தெரியும். தமிழ் எழுத்துப் போகிற விதமே வேறு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் இடம் போதும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடில், யூடிஎஃப்-8 என்ற வடிவத்தில், தமிழுக்குக் ககரம் எழுத மூன்று பைட், துணைக்கால் போட இன்னொரு மூன்று. கட்டுரைகளைச் சேமித்து வைக்கிற தகவல் தளத்தின் (டேட்டாபேஸ்) அமைப்பு ஆங்கிலத்துக்கென்று இருந்தால், மாற்றும்போது இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, தலையில் கோடு போட்ட சின்ன ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாக வரிசையாக வரும். பார்த்தால் பயமாக இருக்கும். பயப்படவேண்டாம், பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, தப்பாக வாசிக்கப்படுகின்றன, அவ்வளவுதான். விசயம் தெரிந்தவர் சரி செய்துவிடுவார். இன்னொன்று, எழுத்துக்குப் பதில் வெறும் கேள்விக்குறியாக வரும். அங்கே உடனே நிறுத்துங்கள். அந்தப் படியில் தமிழ் இல்லை, எந்த வித்தகராலும் அதிலிருந்து மீட்க முடியாது. பழைய இடத்துக்குத் திரும்பிப் போய், எழுத்து அமைப்பை யூடிஎஃப்-8 என்று வைத்து, மறுபடி எடுக்கவேண்டும். பழைய இடம் இருந்தால்தானே போக முடியும்?

முன்மாதிரி நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்கிற வேலை. பல நாடுகளில் இருக்கிற தன்னார்வலர்கள் செய்கிறார்கள். முன்பு திஸ்கி என்ற எழுத்து முறையில் போட்டார்கள், பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றியதால்தான் இன்றைக்கு ஒரு பையன் தன் போனில் தனி எழுத்துரு எதுவும் போடாமல் திருக்குறளை எடுத்துப் படிக்கிறான்.

அதனால் படி எடுத்தால் வேறு ஒரு கணினியில் திறந்து பாருங்கள். எடுத்த கணினியிலேயே திறந்தால் அது பார்த்த கணக்கில் வராது. முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், இருப்பதிலேயே பழைய கட்டுரை ஒன்றுக்குப் போங்கள், படம் நிறைய உள்ள ஒன்றுக்குப் போங்கள், பத்துப் பேர் கருத்துச் சொன்ன ஒன்றுக்குப் போங்கள். முடிந்தால் வீட்டில் இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள், எது உண்மையிலேயே கையில் இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். தளத்தின் பெயரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தளத்தின் பெயரைப் புது இடத்துக்குத் திருப்பினால் உலகம் முழுக்கத் தெரிய ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகலாம். தெப்பக்குளத்தில் இருக்கிற உங்களுக்குப் புதுத் தளம் தெரியும், திருப்பூரில் இருக்கிற மகளுக்குப் பழையது தெரியும். அந்த இரண்டு நாளும் புதிதாக எதுவும் எழுதாதீர்கள், எழுதினால் எந்த வீட்டில் போய் விழுந்தது என்று தேடவேண்டி வரும். அப்புறம் தமிழில் தலைப்பு வைத்தவர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக முழ நீளத்துக்கு வருமே, அந்த முகவரி புது இடத்திலும் எழுத்து மாறாமல் அதேபோல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஊரெல்லாம் பகிர்ந்த இணைப்புகள் செத்துப்போகும். பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது, உங்கள் பேரிலா, செய்து கொடுத்த பையன் பேரிலா என்று இன்றைக்கே கேளுங்கள். அதே பெயரில் மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள், அதற்குத் தனி அமைப்பு உண்டு, அதை மாற்றாமல் தளத்தை மட்டும்... சரி, நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.